மலைக்காரங்க மாதிரியே இல்ல

போளூரிலிருந்து மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் சென்னையிலிருந்து அருவி பார்க்க வந்தவர். மற்றவர் மலையில் குடியிருப்பவர். மடியில் மகளின் மதிப்பெண் சான்றிதழை வைத்திருந்தார்.

“நல்லா பேசறீங்களே, மலைக்காரங்க மாதிரியே இல்ல,” என்றார் சென்னைக்காரர்.

“மலைக்காரங்க எப்டி பேசுவாங்கன்னு நெனச்சீங்க?”

“இல்ல, வெளியூர் அதிகம் போயிருக்க மாட்டீங்கன்னு…”

“கேரளாவுல மிளகுத் தோட்டம், திருப்பூர்ல பனியன் கம்பெனி, பெங்களூர்ல கட்டட வேலை. எல்லா ஊரும் பாத்துட்டேங்க.”

சென்னைக்காரர், மடியில் இருப்பது என்ன சான்றிதழ் என்று கேட்டார்.

“பொண்ணோடதுங்க. கீழ ஒரு ஸ்கூல்ல பதினொண்ணாவதுக்கு சயின்ஸ் குரூப் கேட்டேன். மலைப் புள்ளைங்க பாதியில நின்னுடுவாங்க, தர முடியாதுன்னுட்டாங்க. கணக்குல தொண்ணூத்தாறு வாங்கியிருக்கா. இன்னா கொறச்சல் அவளுக்கு? படிக்கறது அவ வேலை, சேத்து வுடறது என் வேலை. நாளைக்கு அவளையும் கூட்டிக்கினு மறுபடி போறேன்.”

“நாளைக்கும் முடியாதுன்னு சொல்லிட்டா?”

“நாளான்னிக்கும் பஸ்ஸு இருக்குதுங்களே.”