புள்ளியைப் பார்க்கலாம், வைத்துக்கொள்ளக் கூடாது

ரஃபி: ...இத அழிக்கறதுக்கா காலேஜுக்கு லீவு போட்டுட்டு வேலூர்லேருந்து பஸ் புடிச்சி வந்த? போன்ல சொல்லியிருந்தா நானே ஒரு பட்டன தட்டி அழிச்சிருப்பேனே.

நெல்வின்: போன்ல சொல்ற விஷயமாடா இது? என் கண்ணு முன்னாடி அழியணும். சட்டம்.

ரஃபி: எந்த சட்டம்? ஆம்பூர் டவுன் ஸ்டேஷன் சட்டமா?

நெல்வின்: அமெரிக்கா சட்டம். மெதுவா பேசு... அந்த மூலை கேபின்ல யாரு?

ரஃபி: ரயில் டிக்கெட் எடுக்க வந்தவன். உன்ன புடிக்க வந்த அமெரிக்கா போலீஸ் எல்லாம் என் பிரவுசிங் சென்டருக்கு வராது. கரண்ட்டு அடிக்கடி போவும்னு அவங்களுக்குத் தெரியும். உக்காரு. இன்னா ஆச்சு?

நெல்வின்: என் ஆராய்ச்சி இன்னான்னு உனக்குத் தெரியும்...

ரஃபி: தெரியாம? தோல் பதம் பண்ற டேனரி பக்கத்துல குடியிருக்கறவனுக்கு இருமல் ஜாஸ்தியா, தள்ளி இருக்கறவனுக்கு ஜாஸ்தியா. இத கேக்க ஆறு வருஷம். எங்க தெருவுல பல்லு மொளைக்காத புள்ள கூட சொல்லும்.

நெல்வின்: புள்ள சொன்னா அது வெறும் பேச்சுடா. நான் சொன்னா அது ஆய்வு முடிவு.

ரஃபி: ஓஹோ...

நெல்வின்: அப்படித்தான் நானும் நெனச்சிக்கிட்டு நெஞ்ச நிமித்திக்கிட்டு திரிஞ்சேன். கேளு. இருமல் கணக்கு எடுத்த ஒவ்வொரு வூட்டு அட்ரஸையும் அந்த மேப் கம்பெனி சைட்டுல குடுத்தோம் இல்ல? அந்த வூடு பூமியில எங்க இருக்குன்னு அது ரெண்டு நம்பர் குடுத்துச்சு. அட்சரேகை ஒண்ணு, தீர்க்கரேகை ஒண்ணு.

ரஃபி: குடுத்தோம் இல்ல, குடுத்தேன். நீ அட்ரஸ் கட்ட என் டேபிள் மேல போட்டுட்டு செமினாருக்குப் போய்ட்ட.

நெல்வின்: சரி, நீதான் அடிச்ச. எனக்கு டைப்பிங்ல ஒத்த வெரல்தான் படிச்சிருக்கு. விஷயம் இன்னான்னா... அந்த நம்பர நாம வச்சிக்கக் கூடாதாம்.

ரஃபி: அவன்தானே குடுத்தான்?

நெல்வின்: குடுத்தான். பாக்கலாம். அவன் மேப் மேலயே புள்ளியா வச்சி பாத்து சந்தோஷப்படலாம். எடுத்து நம்ம கம்ப்யூட்டர்ல சேத்து வைக்கக் கூடாது. வேற மேப் மேல போடக் கூடாது. அடுத்தவனுக்குக் குடுக்கக் கூடாது. ‘ஏற்றுக்கொள்கிறேன்’னு கீழ ஒரு கட்டம் இருந்துச்சாம். அதுல டிக் அடிச்சிருக்கோம்.

ரஃபி: அடிக்காம உள்ளயே வுடமாட்டான். அதையெல்லாம் எவன் படிப்பான்?

நெல்வின்: நான் படிச்சேன். முழுசா. இந்த ஜில்லாவுலயே அத முழுசா படிச்ச ஒரே முட்டாள் நான்தான்.

ரஃபி: அதாவது... உக்காந்து சாப்பிடலாம், பார்சல் கிடையாது.

நெல்வின்: பார்சல் கிடையாது. வெளிய போய் ஏப்பம் வுட்டா அதுவும் அவனுது.

ரஃபி: நீ இன்னா வியாபாரமா பண்ற? படிப்புக்குன்னு சொல்ல வேண்டியதுதானே.

நெல்வின்: எழுதுனேனே. ‘தோல் தொழிலின் நிழலில் மூச்சுத் திணறும் ஒரு சமூகத்தின் சார்பாக, ஓர் எளிய ஆய்வாளன் தங்கள் கதவைத் தட்டுகிறேன்’னு ஆரம்பிச்சி, பக்கம் பக்கமா, இங்கிலீஷ்ல.

ரஃபி: பதில் வந்துச்சா?

நெல்வின்: நான் நாற்காலியிலேருந்து எழுந்துக்கறதுக்குள்ள வந்துச்சு. ‘உங்கள் கருத்துக்கு நன்றி. இது தானியங்கிப் பதில். இதற்கு மறுபதில் எழுத வேண்டாம்.’

ரஃபி: உன்ன நல்லா புரிஞ்சி வச்சிருக்கற கம்பெனிடா அது.

நெல்வின்: சிரி. இப்ப கைடு இன்னா சொல்றாரு தெரியுமா? கம்பெனி பர்மிஷன் குடுக்கணும், இல்ல நான் மொத்தத்தையும் அழிச்சிட்டேன்னு கையெழுத்து போடணும். ரெண்டுல ஒண்ணு இல்லாம தீசிஸ் உள்ள போகாது. புதன்கிழமையோட என் பதிவு காலாவதி. விட்டா ஆறு வருஷமும் சாக்கடையில.

ரஃபி: அழிச்சிட்டா பி.எச்டி வருமா?

நெல்வின்: வரும். முடிவ வச்சிக்கலாம், நம்பரதான் வச்சிக்கக் கூடாது. அதனாலதான் மனச கல்லாக்கிக்கிட்டு வந்திருக்கேன். விஞ்ஞானத்துக்கு இழைக்கப்பட்ட அநீதி இது, ரஃபி. ஆனா சட்டத்துக்குத் தலை வணங்கணும்.

ரஃபி: வணங்கிடு, வணங்கிடு. அழிச்சிடலாம். காபி கீபி எதுவும் எடுத்து வைக்க வேணாம். இதோ ஃபோல்டர தொறக்கறேன்...

நெல்வின்: தொறக்க எதுக்குடா? தொறக்காமயே அழி.

ரஃபி: அதுவும் சரிதான். தொறக்க வேணாம். நல்லதே.

மஹ்பூபி: ரஃபி... உள்ள வரலாமா? க்கும்... க்கும்... இந்தப் படி ஏறங்காட்டியும் மூச்சு வாங்குது.

ரஃபி: வா ஆபா. நெல்வின், எங்க அக்காவ தெரியும்ல? உன் இருமல் கணக்குல இதுவும் ஒண்ணு.

மஹ்பூபி: நெல்வின் தம்பியா! நல்ல வேள. உன்னைத்தான் கேக்கணும்னு இருந்தேன். இன்னா, ரெண்டு பேரும் என்னைப் பாத்ததும் கம்ப்யூட்டர கையால மூடறீங்க?

நெல்வின்: ஒண்ணும் இல்ல ஆபா. ஊர்ல எந்தெந்த வூடு எங்கெங்க இருக்குன்னு புள்ளி வச்சிருந்தோம். சட்டப்படி அழிக்கறோம்.

மஹ்பூபி: எங்க வூட்டுப் புள்ளியுமா? அழிக்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி காட்டேன்.

நெல்வின்: வேணாம் ஆபா!

ரஃபி: வேணாம் ஆபா!

மஹ்பூபி: அல்லா! எதுக்கு ரெண்டு பேரும் ஒண்ணா கத்தறீங்க? சரி, காட்ட வேணாம். நான் கேக்க வந்தது வேற. எங்க வூட்டு சுவத்துக்கு அந்தப் பக்கம் டேனரி, தெரியும்ல? டாக்டரம்மா வூட்ட மாத்துன்னு தலையில அடிச்சிக்குது. பேர்ணாம்பட் ரோடு பக்கம் காத்தோட்டமா ஒரு வூடு பாத்து வச்சோம். வூட்டுக்காரரு இன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள பதில் கேக்கறாரு. இல்லன்னா வேற ஆளுக்கு.

நெல்வின்: நல்ல வூடுன்னா போவ வேண்டியதுதானே ஆபா...

மஹ்பூபி: உங்க மாமா வுட்டாத்தானே. உனக்கு சால்வை போத்துன போட்டோ பேப்பர்ல வந்துச்சே, அத வெட்டி பீரோ மேல ஒட்டி வச்சிருக்காரு. ‘டேனரிக்கும் இருமலுக்கும் சம்பந்தமே இல்லன்னு புரொபசரே கண்டுபுடிச்சிட்டாரு, நீ சும்மா பேஜார் பண்ணாதே’ங்கறாரு. க்கும்... நீயே சொல்லு தம்பி. நீ படிச்சவன். வூடு வேணாம்னு சொல்லிடவா?

நெல்வின்: ரஃபி, அந்த மவுஸ்லேருந்து கைய எடு.

மஹ்பூபி: இன்னா தம்பி?

நெல்வின்: சொல்லாதீங்க ஆபா.

மஹ்பூபி: எத?

நெல்வின்: வேணாம்னு சொல்லாதீங்க. இப்பவே போய் அந்த வூட்ட புடிங்க. மாமாகிட்ட அந்த போட்டோவ கிழிக்கச் சொல்லுங்க. சால்வைய நானே கொண்டாந்து தர்றேன், கரி துணிக்கு ஆவும்.

ரஃபி: டேய், இன்னாடா சொல்ற?

நெல்வின்: தூரத்தையும் இருமலையும் கம்ப்யூட்டர்ல போட்டு, ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கான்னு கேட்டேன்டா. அது பதிலே சொல்லல. ‘தவறு’ன்னு மட்டும் காட்டுச்சு. நான் பொருளாதார வாத்தியாரு, எனக்கு இன்னா தெரியும்? பதில் வரலன்னா சம்பந்தம் இல்லன்னு அர்த்தம் போலன்னு எழுதிட்டேன். மேடையில வேற பேசிட்டேன். ‘உணர்ச்சி வேறு, விஞ்ஞானம் வேறு’ன்னு முடிச்சேன். கைதட்டுனாங்க.

ரஃபி: யாரு தட்டுனா?

நெல்வின்: டேனரி முதலாளிங்க ரெண்டு பேரு முன் வரிசையில உக்காந்திருந்தாங்க... அப்புறம் தீசிஸ்ல வைக்கணும்னு போன மாசம் மேப் போட்டேன். மொத்த ஊருக்கும் ஒரே ஒரு புள்ளி வுழுந்துச்சு. பிரிண்டர்ல இங்க் தீந்துபோச்சின்னு நெனச்சேன். பெருசு பண்ணிப் பாக்கறேன், ஒரே புள்ளிதான். எல்லாரும் பஸ் ஸ்டாண்ட் மேல உக்காந்திருக்காங்க.

மஹ்பூபி: நானுமா?

நெல்வின்: நீங்களும்தான் ஆபா. என் ஆராய்ச்சிப்படி ஆம்பூர் ஜனம் மொத்தமும் பஸ் ஸ்டாண்ட்ல படுத்துத் தூங்குது. எல்லாருக்கும் டேனரி ஒரே தூரம். அப்புறம் எப்படி சம்பந்தம் தெரியும்?

மஹ்பூபி: அதான் அழிக்க ஓடியாந்தியா...

நெல்வின்: அந்தக் கம்பெனி கண்டிஷன படிச்சப்ப கடவுளே நேர்ல வந்து டிக் அடிச்ச மாதிரி இருந்துச்சு ஆபா. ‘சட்டப்படி அழித்துவிட்டேன்’. எவனும் கேக்க முடியாது. டாக்டர் நெல்வின்னு வாசல் போர்டுக்கு ஆர்டர் கூட குடுத்துட்டேன்.

மஹ்பூபி: பரவால்ல தம்பி. இப்பவாச்சும் சொன்னியே. நான் போய் வூட்ட பேசி முடிக்கச் சொல்றேன்... க்கும்... ஆனா ஒண்ணு. போட்டோவ உங்க மாமா கிழிக்கமாட்டாரு. நீ வந்து உன் வாயால அவருகிட்ட சொல்லணும். வர்றேன்.

நெல்வின்: வர்றேன் ஆபா. கண்டிப்பா வர்றேன்... போய்ட்டாங்களா? ரஃபி, ஃபோல்டர மூடு. அழிக்க வேணாம். கைடுகிட்ட போய் எல்லாத்தையும் சொல்லப்போறேன். பதிவு போனா போவட்டும். ஆனா அந்த அமெரிக்காக்காரன சும்மா வுடமாட்டேன்டா. குடுத்தது அத்தனையும் தப்பு நம்பர், அத சேத்து வைக்கக் கூடாதுன்னு கண்டிஷன் வேற! கேஸ் போடறேன். பேப்பர்ல எழுதறேன். ஒரு வளரும் நாட்டோட விலாசத்தையே கேவலப்படுத்திட்டான்...

ரஃபி: கேஸ் கீஸ் எல்லாம் வேணாம் தோஸ்த்.

நெல்வின்: ஏன்? பயமா?

ரஃபி: அது இல்ல...

நெல்வின்: அப்புறம் இன்னாடா? மூஞ்சி ஏன் இப்படி போவுது?

ரஃபி: அவன் மேல தப்பு இல்லடா. நீ குடுத்த அட்ரஸ்ல பாதி, ‘பள்ளிவாசல் பின்னாடி, தண்ணி டேங்க் எதிர்ல’ன்னு இருந்துச்சு. அத ‘இல்லவே இல்ல’ன்னுட்டான். மீதி எல்லாம் நம்ம ஊரு பெத்லகேம் தெரு. அத அடிச்சேன், அத்தனை குடும்பத்தையும் தூக்கினு போய் ஏசு பொறந்த ஊர்லயே வச்சிட்டான். நான்தான் பயந்துபோய், எல்லாத்துலயும் தெரு பேர வெட்டிட்டு, வெறும் ‘ஆம்பூர்’னு மட்டும் அடிச்சிக் குடுத்தேன். அவன் அத்தனை பேரையும் பஸ் ஸ்டாண்ட்ல எறக்கி வுட்டுட்டான்.