சிவப்பு நூல் கட்டிய ஆறு முள்ளங்கிகள்

முள்ளங்கியை எடை போடுவதற்கு முன் கழுவ வேண்டும். கழுவாமல் நிறுத்தால் நீங்கள் ஒப்பிடுவது மண்ணைத்தான். கோயம்புத்தூரிலும் பிறகு மான்ட்ரியலிலும் முப்பது ஆண்டுகள் வேளாண் மாணவர்களுக்கு இதைச் சொன்னேன். அவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

அந்த ஆண்டுகளில் ஒரு புதிய முள்ளங்கி ரகத்தையும் உருவாக்கினேன். உலகிலேயே அதைப் பயிரிட்டவன் நான் ஒருவன்தான். 1996 கோடையில், ஓய்வுபெற்ற கையோடு, மான்ட்ரியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிப் பொதுத் தோட்டத்தில் ஒரு பாத்தி கிடைத்தது. பக்கத்துப் பாத்தி சண்முகலிங்கத்துடையது. டவுன்டவுனில் உணவகச் சமையலறையில் வேலை செய்பவர். யாழ்ப்பாணத்தில் அவர் குடும்பம் தலைமுறையாகப் போட்டுவந்த முள்ளங்கியின் விதையை ஒரு தபால் உறையில் வைத்திருந்தார். முந்தைய ஆண்டு போரால் நேர்ந்த இடப்பெயர்வில் அங்கே தோட்டம் போய்விட்டது. மிஞ்சியது அந்த உறை மட்டும்.

பழையது, புதியது, எது அதிகம் விளைகிறதென்று பார்ப்போம் என்றேன். அவர் பாதி விதையை எடுத்துவைக்கப் பார்த்தார். செடி குறைந்தால் முடிவை நம்ப முடியாது என்று பொறுமையாக விளக்கினேன். விளக்குவது எனக்குப் பிடிக்கும். எல்லாவற்றையும் விதைத்தார். அவருக்கு நாற்பது செடி, எனக்கு நாற்பது.

நாற்பத்தைந்தாம் நாள் அறுவடை. இருப்பதிலேயே திரண்ட ஆறு செடிகளை விதைக்கு விட்டு, சிவப்பு நூல் கட்டியிருந்தார். யோசித்துப் பாருங்கள், சிறந்த ஆறை ஒதுக்கிவிட்டு எடை போட்டால் பழைய ரகத்துக்குத்தானே அநியாயம்? நியாயம் கருதி, அவர் வேலை முடிந்து வருவதற்குள் ஆறையும் பிடுங்கினேன்.

என் மனைவி கிரிஜாவின் சமையலறைத் தராசில் இரண்டு முறை நிறுத்தேன். பழையது ஏறக்குறைய இரண்டு கிலோ அதிகம். தராசைத் தட்டிப் பார்த்தேன். நல்ல தராசு.

சண்முகலிங்கம் வந்து நின்றார்.

“டொக்டர், உது விதைக்கு விட்டதெல்லோ? நூல் கட்டிக் கிடந்ததே.”

“உங்க ரகத்துக்கு நஷ்டம் வரக் கூடாதுன்னுதான் எடுத்தேன்.”

“என்ர முள்ளங்கி சோதினை பாஸ் பண்ண வேணுமெண்டு நான் கேட்டனானோ?” மண்டியிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டார். இலை இன்னும் வாடவில்லை. “திருப்பி நட்டா வருமோ? நீங்கள் படிச்ச ஆள், சொல்லுங்கோ.”

வரும். தழையைக் கொஞ்சம் விட்டு நறுக்கி, அன்றே நட்டுத் தண்ணீர் ஊற்றினால் வேர் பிடித்துப் பூக்கும். நல்ல கிழங்கைப் பார்த்துப் பொறுக்கி விதை எடுப்பதே இப்படித்தான். என் ரகமும் அப்படி வந்ததுதான். அந்தப் பாடத்தின்போது மட்டும் யாரும் கொட்டாவி விட்டதில்லை.

“வராது,” என்றேன்.

நம்பினார். அதில் மூன்றை என்னிடமே கொடுத்தார். “வீட்டம்மாவுக்குக் கொண்டுபோங்கோ.”

சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு கிரிஜா, “இது உங்க முள்ளங்கியா? பரவாயில்லையே,” என்றாள். ஆமாம் என்றேன்.

ஒரு சோதனையை நம்புவதற்கு மூன்று ஆண்டு முடிவுகள் வேண்டும். அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் என் ரகமே முதலில் வந்தது. போட்டியிட பக்கத்துப் பாத்தியில் எதுவும் முளைக்கவில்லை என்றால், அதற்கு நான் என்ன செய்ய முடியும்?