சுளகுக் காது

சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த கண்ணாடிக்காரர், பக்கத்தில் புகையிலைக் கட்டோடு இருந்த முன்பின் தெரியாத மனிதரிடம் திடீரென்று கேட்டார்:

"அண்ணை, நான் இண்டைக்குப் பாக்கப்போற படத்திலை ஒராள் வருவார். காது அரிசி புடைக்கிற சுளகு மாதிரி. என்ன படம், சொல்லுங்கோ பாப்பம்?"

"பிள்ளையார் படமோ?"

"இல்லை. இவர் மோதகம் தின்னார், மரம் இழுப்பார்."

"அப்ப ஆனைப் படம்."

கண்ணாடிக்காரரின் சட்டைப்பையில் மடித்திருந்த பட நோட்டீசிலிருந்து ஒரு தும்பிக்கை வெளியே தெரிந்தது.

"பிழை," என்றார் அவர்.

"பிழையோ?"

"ஓம். பிழையாச் சொல்லுற ஆள் கேட்ட ஆளோடை படத்துக்கு வரவேணும். எங்கடை கூட்டாளியளுக்குள்ளை அதுதான் சட்டம்."

"அவையள் எங்கை?"

"எல்லாரும் மலாயாவுக்குப் போயிட்டினம். இப்ப தனியத்தான் பாக்கிறன். எண்டாலும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கேள்வி ஆயத்தமா வைச்சிருப்பன்."

பஸ் நாவற்குழிப் பாலத்தில் ஏறியது. புகையிலைக்காரர் அந்தத் தும்பிக்கையை ஒருமுறை பார்த்தார்.

"ஓம் தம்பி, நான் பிழையாத்தான் சொல்லிப்போட்டன். படம் எத்தினை மணிக்கு?"