செராமிக் பல்லில் தட்டை பிராக்கெட்

எனக்குச் செவ்வாய்க்கிழமைகள் பிடிக்கும். மந்தைவெளியில் என் கிளினிக் வாசலுக்கு அன்றுதான் மரிக்கொழுந்து வரும்; வாங்கி வைத்துக்கொள்வேன். அன்றுதான் தௌஃபீக்கும் வருவார்.

நீங்கள் கேட்பதால் சொல்கிறேன், சார். பதினெட்டு வருடமாகப் பல்லுக்குக் கம்பி கட்டுகிறேன். தௌஃபீக்கின் முன்பல்லில் செராமிக் கேப். கம்பியைத் தாங்கும் பிராக்கெட் சொந்தப் பல்லில் சமர்த்தாக ஒட்டும். செராமிக் வழவழப்பு, லேசில் பிடிக்காது. அதற்கு அடிப்பக்கம் வலைபோல் பின்னி, பல்லுக்கேற்ப வளைந்த பிராக்கெட் வேண்டும். அது என் இழுப்பறையிலேயே இருந்தது. நான் தட்டையானதை ஒட்டினேன். முதல் தடவை தவறுதலாகத்தான், சத்தியமாக.

ஒரே வாரத்தில் விழுந்தது. அவர் வந்தார், அசடு வழியச் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுபடியும் தட்டையானதையே எடுத்தேன்.

பாவம், பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். “முறுக்க உட்டேன், நல்லி எலும்ப உட்டேன். பிரியாணிய மோந்து பாக்கறதோட சரி. அப்பவும் உழுந்துகினே கீது டாக்டர்,” என்பார். மூன்று வருடத்தில் பதினோரு கிலோ இளைத்தார். எனக்கென்னவோ அதுவும் எடுப்பாகத்தான் இருந்தது.

கம்பி எடுத்தபின்தான் நிக்காஹ் என்று, அவருக்கு நிச்சயித்திருந்த வஜீஹா வீட்டில் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டுமே. போன மாதம் அவர் வந்து, “போதும் டாக்டர், கயட்டிடுங்க. வெள்ளிக்கெயம நிக்காஹ். பல்லு எப்டி இருந்தாலும் பரவால்லன்னு வஜீஹா சொல்ட்டா,” என்றார். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்.

அன்றும் பிராக்கெட் விழுந்துதான் வந்திருந்தார். இரண்டு நாள் மட்டும் இருக்கட்டும், வியாழக்கிழமை எடுத்துவிடலாம் என்றேன். கேப்பை அமிலத்தால் சொரசொரப்பாக்கி, வலை அடி பிராக்கெட்டை முதல்முறையாக முறைப்படி ஒட்டினேன். அப்படி ஒட்டியதை முரட்டுத்தனமாகப் பிடுங்கினால் செராமிக்கும் உடையும். எங்களுக்கு முதல் வருடமே சொல்லித்தருவது.

வியாழக்கிழமை, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே திருகினேன். கேப் உடைந்தது. நிறுத்தியிருக்கலாம், இன்னும் திருகினேன். வேர் பிளந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

ஆமாம், எல்லாம் தெரிந்தே செய்தேன். நிக்காஹ் தள்ளிப்போயிற்றாமே? புதுப் பல் பதிக்க எட்டு மாதம் ஆகும். செவ்வாய் பத்து மணியை நான் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

புகார் கொடுத்தது அவர்தான் என்கிறீர்கள். பாவம், என்னைப் பார்க்க அவருக்கு வேறு சாக்கு கிடைக்கவில்லை.