ஆள் மாத்து

வயர் டிவியில அந்த ஓட்டையில இல்ல தம்பி, கீழ இன்னொண்ணு இருக்கு பாருங்க, அதுல. ஆங், அதான். நல்லா அழுத்திக் குத்துங்க, கொஞ்சம் லூசா இருக்கும். வந்துருச்சா? படம் வர நேரமாகும். அது மெஷின் கோளாறு இல்ல, இந்த கேமே அப்படித்தான். ஒவ்வொரு சண்டைக்கும் முன்னாடி அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். பழசை விலைக்கு வாங்கிட்டுப் போய் அப்புறம் என்னைத் திட்டக்கூடாது, அதான் முன்னாடியே சொல்லிடறேன். நல்லது கெட்டது ரெண்டும் கேட்டீங்கல்ல, ரெண்டும் சொல்றேன். உக்காந்து ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்க. எனக்கு இப்ப ஒண்ணும் அவசரம் இல்ல. வண்டி சாயங்காலம்தான்.

அந்தப் பொட்டியா? என்னுதுதான். ஊருக்குப் போறேன். ரெண்டு நாள்.

சரி, ஆளை எடுங்க. மூணு பேர் எடுக்கணும். இதோட பெரிய நல்லதே அதுதான். வேற வேற கேம்ல தனித்தனியா ஹீரோவா திரிஞ்சதுங்களை எல்லாம் ஒரே இடத்துல கொண்டுவந்து விட்டிருக்கான். இந்த வாள்காரன் ஒரு கம்பெனி. அந்த ரோபோ வேற கம்பெனி. அந்தா, ஸ்பேனரைத் தோள்ல போட்டுக்கிட்டு ஒருத்தி நிக்கிறாளே, அவ ஏதோ கார் ரேஸ் கேம்ல டயர் மாத்துறவ. அவளைக் கூட்டிட்டு வந்து வாள்காரனோட மோத விட்டிருக்கான் பாருங்க. யாரை யாரோட சேர்க்கிறோமோ அதுக்கேத்த மாதிரி ஆட்டமே மாறும். நிஜமாவே நல்லா யோசிச்சுப் பண்ணது. இல்லாததை நான் சொல்ல மாட்டேன்.

ஐயோ, அதே மூணு பேரா? நெட்ல பார்த்துட்டு வந்தீங்களா? எல்லாரும் அந்த மூணைத்தான் எடுப்பாங்க. இதோட மொதக் கெட்டது அது. இத்தனை பேரைக் கொண்டுவந்து நிறுத்திட்டு அந்த மூணு பேருக்குத்தான் பலத்தை அள்ளிக் குடுத்திருக்கான். மீதி எல்லாம் ஒப்புக்குச் சப்பாணி. எங்க வீட்லயும் வாள்காரன் எப்பவும் எங்க அண்ணனுக்குத்தான். ரோபோ சின்னவனுக்கு, எனக்கு அடுத்தவன். ஸ்பேனர்காரி எனக்கு. நான் ஒண்ணும் ஆசைப்பட்டு எடுக்கல. மிச்சம் இருந்தது அவதான்.

சிரிக்காதீங்க. ஆமா, மூணு பேரும் சேர்ந்து ஒரே டீம். வீட்ல ஒரே ஒரு ரிமோட். அதனால நாங்களா ஒரு சட்டம் வெச்சிருந்தோம். ஆளுக்கு ஒருத்தர். யாரோட ஆளு உள்ள நின்னு சண்டை போடுதோ அவங்க கையில ரிமோட். அடி தாங்கலைன்னா ஆள் மாத்துன்னு கத்தணும். கத்தினா ரிமோட் அடுத்தவங்க கைக்குப் போயிடும். நாள் பூரா இந்த ரூம்ல அதே கத்தல்தான். ஆள் மாத்து, ஆள் மாத்துன்னு. அப்பா அந்த ரூம்ல இருந்து கத்துவாரு, கழுதைங்களா, அந்தச் சனியனை மொதல்ல நிறுத்துங்கன்னு.

ஆரம்பிச்சிருச்சு, பாருங்க. மேல கோடு இருக்குல்ல, அதான் உசுரு. அடி வாங்கினா கொஞ்சம் சிவப்பாகும். அந்தச் சிவப்பு திரும்ப ஏறும். ஆனா வெளிய போய் நின்னாத்தான் ஏறும், உள்ள நிக்கிறவளுக்கு ஏறாது. இதை நல்லதுல சேர்க்கிறதா கெட்டதுல சேர்க்கிறதான்னு எனக்கு இன்னும் தெரியல. மாத்தி மாத்தி உள்ள வந்தா மூணு பேரும் பிழைக்கலாம். அருமையான ஏற்பாடு. ஆனா மாத்துறதுக்கு ஒருத்தன் வரணுமே. வரலைன்னா வெளிய நிக்கிறவன் தெம்பா மினுமினுன்னு நிப்பான், உள்ள இருக்கிறவ நைஞ்சு போயிருவா.

இப்ப இந்த பட்டனை அமுக்குங்க. பார்த்தீங்களா? வெளிய இருந்த ரோபோ ஓடி வந்து ஒரு குத்து குத்திட்டு ஓடியே போச்சு. உதவிக்கு வர்றதாம். ஒரு குத்து, ஒரு போஸ், கிளம்பிட்டான். கைதட்டல் மட்டும் அவனுக்கு. எங்க அண்ணனும் வருஷத்துக்கு ஒரு தடவை இப்படித்தான் வருவான். கூடை நிறைய பழத்தோட வருவான், கட்டில் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்குவான், இந்த மெத்தை சரியில்ல, அந்த டாக்டர் சரியில்லன்னு என்கிட்ட குத்தம் சொல்லிட்டு... சரி விடுங்க, கேமைப் பத்திப் பேசுவோம்.

அடடா, மூலையில மாட்டிக்கிட்டீங்களே. அவ்வளவுதான். ரிமோட்டைக் கீழ வெச்சுட்டு ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டே வரலாம். எதிராளி அடிச்சு முடிக்கிற வரைக்கும் உங்களால ஒண்ணும் பண்ண முடியாது. தட்டித் தட்டி விரல்தான் வலிக்கும். இதைப் போய் ஆடுறவனோட திறமைன்னு எழுதுறாங்க. திறமையாம், மண்ணாங்கட்டி.

நான் இல்ல தம்பி, நான் ஒண்ணும் சொல்லல. இந்த ஆள் மாத்துங்கிற சத்தம் உள்ள ரூம்ல இருந்து. பயப்படாதீங்க, அப்பாதான். இல்லல்ல, அவருக்கு டிவி எல்லாம் தெரியாது, கட்டில்ல இருந்து பார்த்தா சுவர்தான் தெரியும். மூளையில ரத்தம் கட்டி ஒரு பக்கம் கை கால் விழுந்துருச்சு. பேச்சும் போச்சு. எல்லாத்தையும் வழிச்சுத் துடைச்சுட்டுப் போயிருச்சு, இது ஒண்ணைத் தவிர. என் பேரு போச்சு. செத்துப்போன எங்கம்மா பேரு போச்சு. எங்க கத்தல் மட்டும் எங்கேயோ உள்ள ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு.

மொதல்ல சிரிச்சேன். சோறு ஊட்டப் போனா ஆள் மாத்து. போர்வை மாத்தப் போனா ஆள் மாத்து. விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்புறம் ஒரு நாள் சிரிப்பு வரல. வாசப்படியில நான் வந்து நின்னதுமே, என் மூஞ்சியைப் பார்த்து, ஆள் மாத்து. எப்படி இருக்கும் சொல்லுங்க. பீ மூத்திரம் அள்றது நான். புண்ணு வராம புரட்டிப் போடுறது நான். என்னைப் பார்த்து ஆளை மாத்துங்கிறாரு. அண்ணன்கிட்ட போன்ல சொன்னா அவனுக்கு ஒரே பெருமை. அப்பா என்னைத் தேடுறார்டின்னான். தேடுறாருல்ல, வாடான்னேன். லீவு இல்லையாம். சின்னவன் அதுகூடச் சொல்ல மாட்டான். போன்ல ஓன்னு அழுதுட்டு வெச்சிருவான். அப்புறம் நான் திரும்பக் கூப்பிட்டு அவனைத் தேத்தணும்.

பேச்சுப் பயிற்சி குடுக்க வந்த அம்மா சொன்னாங்க, அதுக்கு அர்த்தம் எல்லாம் தேடாதீங்க, ஒட்டிக்கிட்ட வார்த்தை, தண்ணி கேக்கணும்னாலும் அதான் வரும், வலிச்சாலும் அதான் வரும்னு. சரின்னு தலையாட்டினேன். ஆனா போன தடவை அண்ணன் வந்து பக்கத்துல உக்காந்தானே, அன்னிக்கு பூரா அப்பா அந்த வார்த்தையே சொல்லல தம்பி. சிரிச்சாரு. அந்தப் பாதி வாயால அவனைப் பார்த்துச் சிரிச்சாரு. எனக்கு வயிறு எரிஞ்சுது. பெத்த அப்பன் சிரிக்கிறதைப் பார்த்து வயிறெரியற பொண்ணு நானாத்தான் இருப்பேன்.

போச்சு, உங்க மொத ஆளு காலி. இப்ப கவனிங்க. இந்த கேம்ல எல்லாரும் திட்டுற விஷயம் இதுதான். உள்ள இருக்கிறவ விழுந்துட்டா அடுத்தவன் வந்தே ஆகணும். லீவு இருக்கா இல்லையான்னு கேக்க மாட்டாங்க. அந்தரத்துல இருந்து தொபுக்குன்னு விழுவான், கால் தரையில படறதுக்குள்ள மொத அடி விழும். அநியாயம்னு பக்கம் பக்கமா எழுதுறாங்க. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பிடிக்கும்.

ரெண்டாவதும் காலியா? கவலைப்படாதீங்க, கடைசி ஆளு தனியா நின்னா பலம் கூடும். அந்தா, உடம்பெல்லாம் தகதகன்னு எரியுது பாருங்க. தோத்துக்கிட்டே வந்தவனுக்கு எதுக்குடா இவ்வளவு பலம்னு கேக்கறவங்களும் இருக்காங்க. கேம்ல குடுத்திருக்கான், ஆடிட்டுப் போங்க. வீட்ல தனியா நிக்கிறவளுக்கு இடுப்பு வலிதான் கூடும்.

பிடிச்சிருக்கா? அப்ப எடுத்துக்கங்க. நான் இதை வெச்சு என்ன பண்ணப் போறேன்? அண்ணனும் சின்னவனும் வீட்டை விட்டுப் போனப்ப போட்டுட்டுப் போனது. அப்பா தூங்கற நேரத்துல நானே மூணு பேரையும் வெச்சு ஆடிக்குவேன். அவ்வளவுதான் என் பொழுதுபோக்கு.

வாசல்ல வண்டிச் சத்தமா? இல்ல, அது பக்கத்து வீட்டுக்கு. அண்ணன் வந்துக்கிட்டிருக்கான். ரெண்டே ரெண்டு நாள் பார்த்துக்கோன்னு காலைப் பிடிக்காத குறையாக் கேட்டிருக்கேன். உங்ககிட்டயும் ரெண்டு நாள்னுதானே சொன்னேன். ரெண்டு நாள் எல்லாம் இல்ல தம்பி. வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. ஒரு லாண்டரியில, தங்கறதுக்கு ரூமும் தர்றாங்க. நான் திரும்பி வர மாட்டேன். அவனுக்கு அங்க போய்ச் சேர்ந்ததும் போன்ல சொல்லிக்குவேன். அந்தரத்துல இருந்து விழட்டும்.

பாவம்னு உங்க மூஞ்சியே சொல்லுது. சொல்லட்டும். இத்தனை வருஷமா அப்பா கேட்டதைத்தானே பண்றேன்?

அப்பாவுக்குத் தெரியும். அவர்கிட்ட மட்டும் பொய் சொல்ல மனசு வரல. காலையில சவரம் பண்ணி விடும்போது சொன்னேன். நீங்க கேட்ட மாதிரியே ஆளை மாத்திட்டேன்பா, இனிமே பெரியவன் பார்த்துப்பான், நான் வர மாட்டேன்னு. சிரிப்பாருன்னு நினைச்சேன். மூஞ்சியெல்லாம் சோப்பு நுரையோட அந்த நல்ல கையால என் மணிக்கட்டைப் பிடிச்சாரு. இறுக்கிப் பிடிச்சவர் விடல. கண்ணுல தண்ணி கொட்டுது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுறாரு. வாய் என்னமோ தேடுது, தேடுது, கடைசியில வந்தது அதேதான். ஆள் மாத்து, ஆள் மாத்துன்னு. போகாதேன்னு சொல்றதுக்கும் அவர்கிட்ட அது ஒண்ணுதானே இருக்கு.

ஒவ்வொரு விரலாப் பிரிச்சுத்தான் கையை எடுத்தேன்.

இந்தாங்க, ரிமோட்டை விட்டுட்டுப் போறீங்க. ஒண்ணுதான் இருக்கு.