சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு பேப்பர் படம்

காலையில் நமுனுகுலையிலிருந்து பதுளைக்கு இறங்கும் பஸ்ஸில், என் முன் சீட்டில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர் இருந்தார்கள். மூத்தவர் சொன்னது காதில் விழுந்ததும் ஜன்னலிலிருந்து திரும்பினேன்.

“நம்ம மந்திரி அரபு மந்திரிக்குக் கை குடுத்த படம் பேப்பர்ல வந்துச்சுல்ல? அத வெட்டி சாமி படத்துக்கிட்ட ஒட்டியிருக்கேன்.”

இளையவள் சிரித்துவிட்டாள். “என்னக்கா இது? சும்மா ஊர் சுத்துறாங்கன்னு நானே ஏசினேன். முஸ்லிம் நாடு நாடா போயி என்னத்த கண்டாங்க?”

“எம் மகள கண்டாங்க.”

சிரிப்பு நின்றது. மூத்தவர் மெதுவாகச் சொன்னார்.

“அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்கு ரெண்டு வருசம்னு போனவ, அஞ்சாச்சு. பாஸ்போட்ட அந்த வீட்டுக்காரங்க வச்சுக்கிட்டாங்க. நம்ம மந்திரி போயி பேசின பொறகுதான், மாட்டிக்கிட்ட பிள்ளைங்கள அனுப்பி வைக்கிறோம்னு அந்த நாட்டுல ஒத்துக்கிட்டாங்க. அந்த ஊரு ஆபிசர் ஒருத்தரே வீட்டுக்குப் போயி பாஸ்போட்ட வாங்கிக் குடுத்தாராம். அவங்க பாஷையில தங்கச்சின்னு கூப்பிட்டாராம். போன்ல சொல்லி அழுதா.”

“இப்ப எங்கக்கா இருக்கா?”

“கொழும்பு ரயில்ல. இன்னும் அரை மணியில பதுளைக்கு வந்துருவா.” முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “அவ போகயில என் தலையெல்லாம் கருப்பு. அடையாளம் தெரியுமோ என்னமோ.”

“திரும்பி உக்காருங்கக்கா,” என்று இளையவள் பையிலிருந்து சீப்பை எடுத்தாள். பஸ் வளைவுகளில் ஆட ஆட, அந்த நரைத்த தலையைப் பொறுமையாக வாரிக் கொண்டை போட்டுவிட்டாள்.