கோணலாய்க் கூடிய விலா எலும்பு

படம் திறக்கக் கொஞ்சம் தாமதமானாலே மனிதர்களுக்கு எரிச்சல் வந்துவிடுகிறது. உங்களுக்கும்தான், இன்ஸ்பெக்டர். சற்று முன் உங்கள் கணினியோடு நீங்கள் மல்லுக்கட்டியதைப் பார்த்தேன்.

நான் எழுதியது சின்ன சாஃப்ட்வேர்தான். ஆஸ்பத்திரியில் எடுக்கும் எக்ஸ்ரே படங்களை டாக்டரின் கணினியில் திறந்து காட்டும். சில கோப்புகள் பாதியில் அறுபட்டு வந்துசேரும். அவற்றைத் திறந்தால் திரையில் வெறும் சாம்பல் கட்டம். டாக்டர் எல்லார் முன்னாலும் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"படம் வரலைன்னா உன் சாஃப்ட்வேர் எதுக்குய்யா?"

"இன்னொரு தடவை எடுத்துடலாம் சார்."

"வெளியில நிக்கிற கூட்டத்துக்கு நீ பதில் சொல்றியா?"

இனி ஒரு புகார் வந்தால் வேலை இல்லை என்றார் என் முதலாளி.

புகார் வராதபடி செய்தேன். கோப்பு திறக்காவிட்டால், சோதனைக்காக வைத்திருந்த என் நெஞ்சுப் படத்தை நோயாளியின் பெயரோடு காட்டும்படி மாற்றினேன். அப்பழுக்கில்லாத நுரையீரல். டாக்டர் தோளில் தட்டிக்கொடுத்தார். குண்டானவருக்கும் ஒல்லியானவருக்கும் ஒரே நெஞ்சு வந்துகொண்டிருந்தது. ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. அவரையும் இப்படி உட்காரவைத்துக் கேட்டீர்களா?

அக்காவின் கணவர் விடாத இருமலோடு அங்கே போனார். சாயங்காலம் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

"மாப்ள, நெஞ்சு சுத்தமா இருக்காம். சின்ன வயசுல விலா எலும்பு ஒண்ணு உடைஞ்சு கோணலா கூடியிருக்குன்னாரு டாக்டர். எனக்கே தெரியாது பாரேன்!"

உடைந்தது என் எலும்பு. பள்ளிக்கூடச் சுவரிலிருந்து விழுந்தபோது உடைந்தது.

அக்கா அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள். சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தான் மறுபடி படம் எடுப்பார், விஷயம் வெளியே வரும், மற்றவர்களும் கிளம்பி வருவார்கள். "நல்லதாப் போச்சு அத்தான்" என்றேன்.

நோய் முற்றிய பிறகு வேறு ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். அதற்குள் கை மீறிவிட்டது. அவரை அடக்கம் செய்துவிட்டு மறுநாளே வேலைக்குப் போனேன். அப்போதாவது அந்த மாற்றத்தை நீக்கினாயா என்று கேட்கிறீர்கள். இல்லை. எதற்கு நீக்க வேண்டும்? புகாரே வரவில்லையே. இன்று காலைகூட அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. மொத்தம் எத்தனை பேர் என்று தெரியாது. எண்ணச் சொல்லி நான் எழுதவில்லை.

அக்கா வெளியே நிற்பதாகச் சொன்னீர்கள். உள்ளே விடுங்கள். நோய் தெரியும்வரை அத்தான் பயமில்லாமல் தூங்கினார். அந்தத் தூக்கத்தைக் கொடுத்தது யார் என்று இப்போது அவளுக்குத் தெரிந்திருக்கும். நன்றி சொல்லத்தான் வந்திருப்பாள்.